கரும்பலகையின் வலது மேல் மூலை

மட்டக்களப்பில் எங்கள் உயர்தர வகுப்பறைச் சுவரில் நான்கு மணிக்கூடுகள் தொங்குகின்றன. நான்கிலும் 'அன்பளிப்பு' என்று எழுதி, கொடுத்த வகுப்பின் ஆண்டும் போட்டிருக்கிறது. ஒன்றும் ஓடுவதில்லை. 2024 உயர்தரப் பரீட்சை முடிந்து, பள்ளிக்கு என்ன கொடுத்துவிட்டுப் போவது என்ற பேச்சு வந்தபோது, ஐந்தாவது மணிக்கூட்டை நோக்கித்தான் எல்லாரும் நகர்ந்துகொண்டிருந்தோம். கொக்கட்டிச்சோலைக்காரன்தான் மறித்தான் (எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஊர்ப் பெயர்தான் பெயர்). "மச்சான், மணிக்கூட்டை ஆரு பாக்கிற? எல்லாரும் பாக்கிறது போர்டைத்தான். அதைச் செய்வம்."

ஆளுக்கு 500 ரூபா. 29 பேரில் 26 பேர் தந்தார்கள். மொத்தம் 13,000.

எங்கள் அறைக் கரும்பலகை மரப்பலகை இல்லை. சுவரிலேயே சீமெந்து பூசி, சுற்றிவரச் சட்டம் அடித்து, கறுப்பு அடித்தது. நீளம் 16 அடி, உயரம் 4 அடி. பக்கத்துக் கட்டடத்தில் ஸ்மார்ட் போர்டும் இருக்கிறது, பழுதாகி, மேசைத் துணி போர்த்தியபடி. அதைத் திருத்த எங்களுக்குத் தெரியாது. சீமெந்தும் பெயின்ட்டும் ஓரளவு தெரியும், பொறியியல் தொழில்நுட்பப் பிரிவு என்ற பெயர் இருக்கிறதே.

இந்தப் பலகையின் பெரிய குறை பளபளப்பு. எங்களுக்கு முந்திய யாரோ நல்ல மனதோடு வாசல் கேற்றுக்கு அடிக்கும் மினுக்கு எனாமலை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புதிதில் கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். ஆனால் வெண்கட்டி எழுத வேண்டுமென்றால் பலகை கொஞ்சம் சொரசொரப்பாக இருக்க வேண்டும், அந்தச் சொரசொரப்புத்தான் வெண்கட்டியைத் தேய்த்துத் தூளைப் பிடித்துவைக்கும். மினுக்குப் பெயின்ட்டில் வெண்கட்டி சறுக்கும், கீச்சென்று கத்தும். காலையில் இடப்பக்க யன்னல் வெயில் பலகையில் பட்டால் வலப்பக்க வாங்கில் இருப்பவர்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தகடுதான் தெரியும். நான் இரண்டு வருடம் அந்த வாங்கில் இருந்தவன். 7 என்று சேர் எழுதியதை 1 என்று எழுதிக் கணக்குப் பிழைத்தது ஒரு முறையல்ல.

பத்தாம் வகுப்பிலும் எங்களுக்கு இதே அறைதான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபிறகு, சேர் ஆளில்லாத வகுப்பறைக்குத் தனியே வந்து, இந்தப் பலகையில் பாடத்தை எழுதி, ஃபோனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவார். ஒவ்வொரு படத்திலும் ஃபிளாஷ் பட்டு நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. "சேர், பொட்டுக்குக் கீழ என்ன?" என்று கேட்டுக் கேட்டே திரிகோணகணிதம் படித்தோம். வீட்டுக்குப் போயும் அந்தப் பளபளப்பு எங்களை விடவில்லை.

இன்னொரு குறை வலது மேல் மூலை. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மொனிற்றர் காலையில் வந்ததும் அந்த மூலையில்தான் திகதி போட்டு, வகுப்பின் தொகை இத்தனை, அன்றைய வரவு இத்தனை என்று எழுதுவார். இந்த அறையில் அந்த மூலை மட்டும் எப்போதும் கொப்புளித்து, செதிள் செதிளாய் உரிந்துகொண்டே இருக்கும். எங்கள் மொனிற்றர் இரண்டு வருடமும் கொப்புளத்துக்கும் கொப்புளத்துக்கும் இடையில் இடம் பார்த்துத்தான் எழுதினாள்.

2025 ஜனவரி 11 சனி, 12 ஞாயிறு, 13 போயா (பௌர்ணமி லீவு), 14 பொங்கல். நான்கு நாள் சேர்ந்தாற்போல லீவு. பொங்கலன்று பின்னேரம் பலகை தயார், படம் எடுத்துப் போடுகிறோம் என்று திட்டம். திட்டம் போட்டவன் நான்தான் என்பதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை பதினொரு பேர் வந்தோம். முதல் வேலை கழுவுவது. வெண்கட்டித் தூள், கைப்பிசுக்கு, செலோ டேப் பசை எல்லாம் போக, சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு முறை. அப்புறம் சாண்ட் பேப்பர். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். இலங்கையில் பெயின்ட்டில் ஈய அளவுக்குக் கட்டுப்பாடு 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது, அடியில் இருக்கிற அடுக்குகள் அதற்கு எவ்வளவோ முந்தியவை. தண்ணீரில் தேய்த்துப் பாவிக்கிற கறுப்புத் தாளை வாங்கி, பலகையை நனைத்து நனைத்துத் தேய்த்தோம். தூள் பறக்காமல் சேறாக வழியும், அதைத் துணியால் ஒற்றி எடுக்கலாம். வீட்டில் மிஞ்சிக் கிடந்த கொரோனா கால முகக்கவசங்களுக்கும் ஒரு வேலை கிடைத்தது. 80ஆம் நம்பர் தாளில் தொடங்கி 120இல் முடித்தோம். நோக்கம் பெயின்ட் முழுவதையும் கழற்றுவது அல்ல. மினுக்குப் போய்த் தூசி படிந்த கண்ணாடி மாதிரி மங்க வேண்டும், அவ்வளவுதான். புதுப் பெயின்ட்டுக்கு அது போதும்.

உரிந்த இடங்களில் மட்டும் ஸ்கிரேப்பரால் சீமெந்து தெரியும்வரை சுரண்டினோம். ஓரத்தைப் பார்த்தால் அடுக்குகள் தெரிந்தன. மேலே மினுக்குக் கறுப்பு. அதற்குக் கீழே மங்கல் கறுப்பு. அதற்கும் கீழே பச்சை. மறுபடியும் கறுப்பு, பிறகு சீமெந்து. பச்சைப் பலகைக் காலத்தை எங்களில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பழைய வாச்சர் ஐயா தேத்தண்ணி குடித்தபடி எட்டிப்பார்த்துவிட்டு, தான் இங்கே படித்தபோது பெயின்ட்டே கிடையாது என்றார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் வேலியில் கோவை இலை பறித்துவர வேண்டும், பழைய டோர்ச் பற்றரியை உடைத்துக் கரி எடுக்க வேண்டும், இரண்டையும் இடித்துத் துணியில் கட்டிப் பலகையில் தேய்க்க வேண்டுமாம். "பளபளப்பும் இல்ல, உரியவும் இல்ல மனே. கைதான் ஒரு கிழமைக்குப் பச்சை."

நடுப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்த மொனிற்றர் திடீரென்று நிறுத்தினாள். "12.03.2020 தெரியுது!" பள்ளிகள் மூடுவதாக அறிவித்த நாள் அது, வியாழக்கிழமை. மாதக்கணக்கில் வகுப்பு நடக்காமல் இருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அந்தத் திகதியும் தொகை 42 வரவு 37 என்ற கணக்கும் பலகையில் அப்படியே இருந்தன. உப்புக்காற்றிலும் ஈரத்திலும் வெண்கட்டி ஊறிப்போய், ஈரத்துணியால் துடைத்தும் பல கிழமை நிழல் மாதிரித் தெரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஐந்து வருடத்துக்குப் பிறகுமா? அதுவும் நடுப் பலகையிலா? அவள் சத்தியம் பண்ணினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. புதுக்குடியிருப்புக்காரி தெரிகிறது என்றாள். வாக்கெடுப்பு 4க்கு 7 என்று முடிந்தது, தேய்த்தோம்.

அன்று மத்தியானம் பணிஸும் பிளேன்டீயுமாக இருந்தபோது பேச்சு அந்த எண்ணிக்கைகளிலேயே சுற்றியது. நாங்கள் 2005இல் பிறந்தவர்கள், சுனாமிக்கு அடுத்த வருடம். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைச் சரிந்த நிலையில்தான் எங்கள் கண்கள் பார்த்திருக்கின்றன. அது நேராக நின்ற காலம் எங்களுக்குக் கதை. முதலாம் வகுப்புக்குப் போக வேண்டிய 2011 ஜனவரியில் மட்டக்களப்பு வெள்ளத்தில் கிடந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தின் முதல் ஞாபகமே ஈர மெத்தை வாசம்தான், எங்கள் வகுப்பறையில் யாரோ குடும்பம் தங்கியிருந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு. மே மாதம் பள்ளி திறந்த முதல் நாள் தொகை 43, வரவு 6. அந்த ஆறு பேரில் மூன்று பேர் அன்று பலகையைச் சுற்றி நின்றார்கள், ஆனால் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்தது மட்டும் ஞாபகம் என்றான் ஒருவன்.

2022இல் சாதாரண தரம், ஐந்து மாதம் பிந்தி, மே மாதம். கடதாசித் தட்டுப்பாடு. மாதப் பரீட்சை வினாத்தாளை அச்சடிக்க முடியாமல் முழுவதையும் பலகையில் எழுதினார்கள். பெற்றோல் கிடைக்காமல் சைக்கிளில் வந்த சேர், வேர்வை காயும் முன்பே 16 அடிப் பலகையை இடமிருந்து வலம் நிரப்புவார். வலப்பக்க வாங்குக்காரர்கள் எழும்பிப் போய் நிலத்தில் இருந்து எழுதினோம். கடைசியாக உயர்தரப் பரீட்சை 2024 நவெம்பர் 25இல் தொடங்கி, இரண்டு நாளில் வெள்ளத்தால் நின்று, டிசெம்பர் 4இல் மறுபடி தொடங்கி, மாதக் கடைசி வரை இழுபட்டது. வெள்ளத்தில் தொடங்கி வெள்ளத்தில் முடிந்த வகுப்பு என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டி (குழி, வெடிப்புகளை நிரப்பும் பசை) வைப்பு. இங்கேதான் கவராயக் குழிகள் வெளிப்பட்டன. பலகையில் வட்டம் கீறும் பெரிய மரக் கவராயத்துக்கு ஒரு காலில் ஆணி இருக்கும். அந்த ஆணி குத்திய பொட்டுகள் நடுப் பலகையில் நூற்றுக்கணக்கில், அம்மைத் தழும்பு மாதிரி. சாதாரணமாகக் கண்ணில் படாது, மங்கலாகத் தேய்த்து, டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு குழிக்கும் நிழல் விழும். பார்த்தால் கூட்டம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தோள் உயரத்தில். மற்றது அதற்கு ஒரு சாண் கீழே. யாரோ கட்டையான ஒருவரும் பல வருடம் இங்கே கணிதம் படிப்பித்திருக்கிறார்.

வெளிச்சுவருக்கு வைக்கும் சீமெந்துப் பட்டியைத்தான் எடுத்தோம். உள்சுவர்ப் பட்டி விலை குறைவு, ஆனால் ஈரம் கண்டால் மாவாகிவிடும். மெல்லிய தகட்டால் குழிகளுக்கு மேல் இழுத்து, மிச்சத்தை வழித்து எடுத்தோம். தடிப்பாக ஒரே முறையில் அப்பினால் வெடிக்கும், மெல்லிசாக இரண்டு முறை. பாதி முடிந்தபோது கணித சேர் பொங்கல் சாமான்களோடு அந்தப் பக்கம் வந்தவர் உள்ளே வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "டேய், எல்லாத்தையும் மூடாதேங்கோ. நடுவில ஒன்றை விடுங்கோ. இல்லாட்டிக் கவராயம் வழுக்கும்" என்றார். தோள் உயரக் கூட்டத்தில் ஆழமான ஒன்றைத் தானே தெரிவு செய்து, சட்டைப் பையில் இருந்த பேனையால் வட்டமிட்டுவிட்டுப் போனார். அதை விட்டோம். கீழ்க் கூட்டத்திலும் ஒன்றை விடலாம் என்றாள் மொனிற்றர். அடுத்த சேர் எந்த உயரமோ யாருக்குத் தெரியும். அதையும் விட்டோம்.

திங்கட்கிழமை பட்டியை 220இல் தேய்த்து, ஸீலர் ஒரு கை (ஒரு பூச்சு) அடித்து, பின்னேரம் கரும்பலகைப் பெயின்ட்டைத் திறந்தோம். அளவுக் கணக்கு: 16 அடி, 4 அடி, 64 சதுர அடி, அதாவது கிட்டத்தட்ட 6 சதுர மீற்றர். இரண்டு கைக்கு 12. தகரத்தில் போட்டிருந்த கணக்குப்படி ஒரு லீற்றர் மட்டுமட்டாகப் போதும், ஆனால் சீமெந்து குடிக்கும் என்பதால் இரண்டு வாங்கினோம். நல்ல வேளை.

நல்லதாக அமையாதது ரோலர். காசை மிச்சம் பிடிக்க நான் வாங்கியது ஸ்பொஞ்ச் ரோலர். தின்னர் கலந்த பெயின்ட்டில் தோய்த்துப் பத்து நிமிடத்தில் ஸ்பொஞ்ச் ஊதி, பிய்ந்து, பலகை முழுவதும் கறுப்புப் புட்டுத் துகள் ஒட்டியது மாதிரி ஆனது. தண்ணீர்ப் பெயின்ட்டுக்குத்தான் அது சரி. தின்னர்ப் பெயின்ட்டுக்குக் குறுகிய மயிர் உள்ள துணி ரோலர் வேண்டும். போயா நாளில் திறந்திருந்த ஒரு ஹாட்வெயார் கடையைத் தேடி கொக்கட்டிச்சோலைக்காரன் மோட்டார் சைக்கிளில் காத்தான்குடி வரை போய்வந்தான். அதுவரை நாங்கள் துகள்களை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்தோம்.

வாச்சர் ஐயா பின்னால் நின்று வலது மேல் மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இது குளிருது மனே. ஈரம் இருக்கு. பூசாதீங்க, தோல் உரிஞ்சிடும்." நானும் தொட்டேன். குளிர்ந்ததுதான். ஆனால் மழைக்காலத்தில் மட்டக்களப்பில் எந்தச் சுவர் குளிராது? பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில், "மறுகா பாப்பம் ஐயா" என்று சொல்லிவிட்டு அடித்தேன்.

பொங்கலன்று பின்னேரம் எல்லாரும் புதுச் சட்டையோடு வந்தோம். பலகையில் 15 அடி அருமையான மங்கல் கறுப்பு, தொட்டால் வெல்வெட். வலது மேல் மூலையில் மட்டும் கைப்பெரு விரல் அளவில் ஒன்பது கொப்புளங்கள். ஒன்றைக் குத்தினேன். தண்ணீர் கசிந்தது. நான்கு தலைமுறைப் பெயின்ட் ஏன் அங்கே மட்டும் நிற்கவில்லை என்பதற்கு விடை அந்த ஒரு சொட்டில் இருந்தது. பிழை பெயின்ட்டில் இல்லை. தண்ணீர் சுவருக்குள்ளே இருக்கிறது, வெளியே வர வழி தேடுகிறது, நாங்கள் ஒவ்வொரு முறையும் வழியை அடைக்கிறோம்.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். பதின்மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. கூரைப் பீலியில் வேப்பிலை மக்கி மண்ணாகி, அதில் ஒரு அரசங்கன்று முளைத்து ஒரு முழம் வளர்ந்திருந்தது. பீலி நிரம்பி, மழைத் தண்ணீர் நேரே சுவரில் வழிந்து பாசியில் பச்சைக் கோடு. அந்தக் கோட்டுக்கு மறுபக்கம்தான் மொனிற்றர் எழுதும் மூலை. மூலையைச் சரிசெய்ய நாங்கள் செய்ய வேண்டியிருந்த முதல் வேலை ஏணியில் ஏறிப் பீலியை வழிப்பது. ஒரு மணித்தியாலம் எடுத்தது. பொருத்துத் திறந்திருந்த இடத்தில் ஸீலன்ட் வைத்தோம். கன்றை ஐயா வாங்கிக்கொண்டு போனார், எங்கே நட்டாரோ.

மூலையில் இரண்டடிக்கு மூன்றடி அளவில் எல்லாவற்றையும் சீமெந்து வரை சுரண்டி வெறுமனே விட்டோம். ஈரம் போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி: ஒரு சாண் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். ஜனவரி 18இல் மற்ற இடத்துக்கு இரண்டாவது கை அடித்தபோது பொலித்தீன் முத்து முத்தாக வேர்த்திருந்தது. 25இல் கொஞ்சம் குறைவு. பெப்ரவரி 1, 8 என்று ஒவ்வொரு சனியும் யாராவது போய்ப் பார்த்து, வட்ஸ்அப்பில் 'வேர்வை' என்று ஒரு சொல் போடுவார்கள். வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒருவன் கட்டாருக்குப் போக மெடிக்கல் எடுக்கப் போனான். இரண்டு பேர் கொழும்பில் வகுப்பு. புதுக்குடியிருப்புக்காரி ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து சனி லீவு இல்லை என்றாள்.

பெப்ரவரி 22இல் பொலித்தீன் காய்ந்திருந்தது. நாங்கள் நான்கு பேர். பட்டி, ஸீலர் அன்று, அடுத்தடுத்த பின்னேரங்களில் இரண்டு கை. மூன்று நாள் ஆறவிட்டு மார்ச் 1இல் கடைசி வேலை: பலகையைப் பழக்குவது. புதுப் பலகையில் எடுத்தவுடனே எழுதினால் முதல் எழுத்தே தழும்பாக நின்றுவிடும். அதனால் வெண்கட்டியைப் படுக்க வைத்து, முழுப் பலகையையும் மேலிருந்து கீழாக, பிறகு இடமிருந்து வலமாகத் தேய்த்து வெள்ளையாக்கி, காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். நுண்துளைகளில் தூள் நிறைந்துவிடும், பிறகு எழுதுவது மேலேயே நிற்கும். ஒரு பெட்டி வெண்கட்டியில் பாதி முடிந்தது, நால்வரும் மாவில் புரட்டி எடுத்த மீன் மாதிரி நின்றோம்.

சோதனைக்கு மொனிற்றர் வலது மேல் மூலையில் எழுதினாள். 01.03.2025. தொகை 29. வரவு 4. வெண்கட்டி கத்தவில்லை. டஸ்டரால் ஒரே இழுப்பு. டோர்ச்சைச் சுவரோடு பிடித்துப் பார்த்தேன், ஒரு கோடு கூட மிச்சமில்லை. "சரி, வேலை செய்யுது" என்றேன். அவள் டஸ்டரைத் தட்டி வைத்துவிட்டு வெளியே போய்க் கை கழுவினாள்.

செலவுக் கணக்கு: 12,350 ரூபா, ரோலர் இரண்டும் சேர்த்து. மிச்சம் 650 பணிஸுக்கும் பிளேன்டீக்கும். பெயின்ட் தகரத்தில் கால்வாசி மீதி, மூடியை இறுக்கி ஐயாவின் அறையில் தலைகீழாக வைத்திருக்கிறோம். அப்படி வைத்தால் மேலே ஆடை பிடிக்காது. வருடத்துக்கு ஒரு முறை ஒக்டோபர் மழைக்கு முன் பீலியை வழிக்க வேண்டும் என்று தகரத்தின் அடியில், இப்போது மேலே தெரிகிற பக்கத்தில், எழுதி ஒட்டியிருக்கிறது.

போன கிழமை சேர்டிஃபிக்கட் விஷயமாகப் பள்ளிக்குப் போனபோது வகுப்பறை யன்னலால் எட்டிப்பார்த்தேன். கணிதம் நடந்துகொண்டிருந்தது. கவராயம் மேல் குழியில் நின்றது. ஜனவரி 27இல் அந்த அறைக்கு வந்த புது வகுப்பு, வலது மூலை எழுத முடியாமல் கிடந்த ஐந்து கிழமையில், தொகை வரவை இடது மூலையில் எழுதப் பழகியிருக்கிறது. இன்னும் அங்கேதான் எழுதுகிறார்கள்.